வயிற்றுப் புளிப்பும் செவியின் மந்தமும்

செவியையும் வயிற்றையும் ஒரே குறளில் வைத்துப் பேசியவர் வள்ளுவர். அவர் கருதியது கேள்விச் செல்வத்தை. நான் சொல்லப் புகுவதோ சிறு பிள்ளைகளின் நடுக்காதில் தேங்கும் நீரைப்பற்றி.

என் தமக்கையின் இளைய மகன் கைக்குழந்தையாயிருந்தபோது குடித்த பாலை ஓயாது கக்குவான். நான்கு வயதில் அவனுக்குச் செவி மந்தமாயிற்று. நோவில்லை, சீழில்லை, கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டான். பிடிவாதம் என்றனர் வீட்டார். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சோதித்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற நீர் தேங்கியிருப்பதாகக் கூறினார். "பிள்ளை பால் கக்கினதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ, டொக்டர்?" என்று அக்கா கேட்டாள். "இருக்கலாம், துணிந்து சொல்வதற்கில்லை" என்றார் அவர். அவ்விடை அக்காவுக்குத் திருப்தி தரவில்லை. எனக்கோ ஆர்வத்தைக் கிளறிவிட்டது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு நுண்வழி உண்டு. ஊத்தேக்கியாவின் குழாய் என மாணவர் பாடநூலிற் படித்திருப்பர். வளர்ந்தோரிடம் இது நீண்டு சரிந்திருக்கும். குழந்தைகளிடம் குறுகி, ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கும். ஆதலின் இரைப்பைப் புளிப்பு உணவுக்குழாய்வழியே மேலெழுந்து தொண்டையை எட்டுமாயின், இக்குழாயின் வாயை வீங்கச்செய்யவும் உள்ளே புகவும் கூடும்.

இது வெறும் ஊகமன்று. 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆய்வாளர்கள், பிள்ளைகளின் நடுக்காதிலிருந்து எடுத்த 54 நீர் மாதிரிகளுள் 45இல் பெப்சின் இருந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினர். பெப்சின் இரைப்பைக்குரிய நொதியம். காதில் அதற்கென்ன வேலை? ஆயினும் பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் இவ்விகிதம் மிகக் குறைந்தே காணப்பட்டது. அன்றியும், பெப்சின் அங்கே இருந்தமையாலேயே நோயை அதுவே விளைத்தது என்றாகிவிடாது. வளவுக்குள் நின்றவரெல்லாம் கள்வராவரோ? புளிப்பை அடக்கும் மருந்தினால் காதுநீர் வற்றுமென்பதற்கும் உறுதியான சான்றில்லை. அம்மருந்தை இதற்குக் கொடுக்கவேண்டாம் என்றே இங்கிலாந்தின் 2023ஆம் ஆண்டு வைத்திய வழிகாட்டி கூறுகிறது. அக்கா கேட்ட விடையைவிடத் தெளிவான விடை வேறெவரிடமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆகவே, பெரியோர் நெஞ்செரிவுக்கு விழுங்கும் குளிசையைப் பிள்ளையின் காதுக்கென்று தாமாகவே கொடுத்தல் தகாது. பாலூட்டும்போது தலையை உயர்த்திப் பிடித்தலும், பால்போத்தலை வாயில் வைத்தபடி படுக்கவிடாமையும், வீட்டினுள் புகைபிடியாமையும் காசின்றி ஆகுங் காரியங்கள். இந்நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துள் தானே வற்றிவிடும். மருமகனுக்கும் அவ்வாறே வற்றியது. வற்றாது நின்று கேள்வியைக் கெடுக்குமாயின், செவிப்பறையிற் சிறு குழாய் பொருத்துவதுண்டு.

அந்த மூன்று மாதமும் பிள்ளை பள்ளிக்கூடத்திலன்றோ இருக்கிறது! சொல்வதெழுதலில் 'பல்' என்பதைப் 'பள்' என்று எழுதுபவன், அயலிலிருப்பவனின் கொப்பியை எட்டிப் பார்ப்பவன், கேட்டதற்குத் தொடர்பில்லாத மறுமொழி சொல்பவன்: இவர்களைச் சோம்பேறி என்றும் கள்ளன் என்றும் சொல்லும் வழக்கம் எம்மிடையே இன்னும் போகவில்லை. பிரம்பினால் வற்றும் நீரன்று அது. இத்தகைய பையனை முன்வாங்கில் இருத்தி, ஒரு நாள் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கவேண்டும். திரும்பாவிடின், அன்று மாலையே பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுதல் நன்று.