இலக்கமிட்ட மேசை

மருத்துவம் பயின்ற நாட்களில் நாம் அறுத்த முதலாவது கழுத்து, நூலிற் கண்ட கழுத்தாக இருக்கவில்லை.

கழுத்தில் விரல் வைத்தாற் துடிப்பது சிரசு நாடி. குரல்வளையின் மேல் விளிம்பளவில் அது உள், புறம் என இரண்டாகப் பிரிகிறது. புற நாடியின் முன்பக்கத்திலிருந்து தைரொயிட்டுக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்றாக மூன்று கிளைகள் தனித்தனியே புறப்படும் என்று இரவிரவாக மனனம் செய்திருந்தோம். எமது மேசையிற் கிடந்த மனிதருக்கோ நாக்கு நாடியும் முக நாடியும் ஒரே அடியிலிருந்து கிளைத்திருந்தன.

"இந்த உடல் பிழை, சேர்" என்றான் நண்பன்.

ஆசிரியர் சிரித்தார். "உடலிற் பிழையில்லைத் தம்பி. நூறு பேரைத் திறந்தால் பத்திருபது பேருக்கு இப்படித்தான் இருக்கும். புத்தகக்காரன் பெரும்பான்மையை மட்டும் வரைந்துவிட்டான்."

பெரும்பான்மை என்ற சொல் அன்று எம்மை ஏனோ உறுத்தியது.

அந்த மனிதர் யார்? எவரும் உரிமை கோராத உடல் என்றார்கள்; அவ்வளவுதான். இவ்வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்திலே தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடலே அறுவைக்குக் கிடைத்தது. அது போதாமற்போகவே, புதைகுழிகளைத் தோண்டி உடல் விற்கும் தொழில் பெருகிற்று. 1828இல் எடின்பரோவிலே பேர்க், ஹெயர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்றே விற்றனர். 1832இற் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது: வறியோர் விடுதிகளில் இறந்து, உறவினர் கேளாத உடல்களை மருத்துவக் கூடங்களுக்கு வழங்கலாம். கொலைக்குரிய தண்டனை வறுமைக்கு உரியதாயிற்று. இன்று பலர் தாமாகவே உடலைத் தானம் எழுதிவைக்கின்றனர். எமது மேசையில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

அவர் கற்பித்தது சிறிய பாடமன்று. நாக்கிற் புற்று வந்தவருக்குச் சத்திரசிகிச்சை செய்கையில், குருதிப் பெருக்கைத் தடுக்கக் கழுத்திலேயே நாக்கு நாடியைக் கட்டுவதுண்டு. அடி ஒன்றென்று அறியாத கை முகத்தின் நாடியையும் சேர்த்துக் கட்டிவிடும்; அல்லது நூல் சொன்ன இடத்தில் நாடியைத் தேடித் தடுமாறும். இலங்கை ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்று வாய்ப்புற்றே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணம். தேயிலை மலையிலே குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையை அடக்கிக்கொள்ளும் வாய்களை நாம் பின்னர் எத்தனையோ கண்டோம்.

கழுத்தை முடித்துவிட்டு வாயைத் திறந்தபோது, அம்மனிதரின் பற்களிலும் வெற்றிலைக் கறை படிந்திருந்தது. நாடியைக் குறிப்பேட்டில் வரைந்தோம். படத்தின் கீழே பெயருக்குப் பதிலாக மேசையின் இலக்கத்தை எழுதினோம்.