அம்மாவும் இருபத்திரண்டாவது மாடியும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா தீர்த்தமலை. தர்மபுரி மாவட்டத்துல அரூர் பக்கம். மலை மேல தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறையில இருந்து கொட்டிக்கிட்டே இருக்கற ராமர் தீர்த்தம், கீழ ஊர். சென்னையில பொட்டி தட்டுறவன் ரெண்டு வருஷம் கழிச்சு மலை ஏறுனா என்ன ஆகும்? இன்னும் கால் வலி போகலை. அம்மா அசால்ட்டா ஏறிட்டாங்க, அது வேற விஷயம்.

இந்தப் பதிவு கால் வலியைப் பத்தி இல்லை. காத்தைப் பத்தி. அப்புறம், அம்மாகிட்ட நான் சொன்ன ஒரு பொய்யைப் பத்தி.

அப்பா போனதுக்கப்புறம் அம்மாவை என்கூட கூட்டிட்டு வந்து வெச்சுக்கணும்னு ஆசை. ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடியில 22-வது மாடியில வாடகைக்கு இருக்கேன். 2024 நவம்பர்ல ஒரு வழியா வந்தாங்க. வந்த நேரம் பாருங்க, நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தாலும் எங்களையும் ஒரு வழி பண்ணிடுச்சு. ராத்திரி அம்மா என்னை எழுப்பி, "கண்ணு, வீடு ஆடுதுடா"ன்னாங்க.

"அதெல்லாம் ஒண்ணும் ஆடலை, கற்பனை பண்ணிக்காம தூங்கும்மா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.

இத்தனைக்கும் நான் படிச்சது சிவில் இன்ஜினியரிங். (நாலு வருஷம் சிவில் படிச்சுட்டு ஜாவா எழுதுறவன்னு சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான்.) காலையில பாத்ரூம் போனா பக்கெட் தண்ணி லேசா தளும்பிக்கிட்டு இருந்துச்சு. அப்பவும் வாயைத் திறக்கலை. அடுத்த வாரமே அம்மா ஊருக்குக் கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் வரவேயில்லை. கேட்டா "மாட்டை யாரு பாத்துக்கறது"ன்னு ஒரு பதில்.

மனசு உறுத்தவே பழைய பாடத்தை எல்லாம் தேடி எடுத்துப் படிச்சேன். உயரமான கட்டடம் ஆடத்தான் செய்யும். ஆடணும்னுதான் கட்டுறாங்க. கொஞ்சம்கூட ஆடாத மாதிரி கட்டணும்னா தூணும் சுவரும் பெருத்துப் போய் மனுஷன் இருக்க இடம் இருக்காது. அதனால எவ்வளவு ஆடலாம்னு ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. உயரமான கான்கிரீட் கட்டடங்களுக்காக 2017-ல வந்த ஐ.எஸ். 16700 விதிப்படி, காத்துல உச்சி நகர்றது உயரத்துல ஐநூறுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எங்க கட்டடம் சுமார் 70 மீட்டர்னு வெச்சுக்கிட்டா 14 சென்டிமீட்டர். அதுவும் கணக்குல எடுத்த உச்சகட்டப் புயலுக்கு. அன்னிக்கி ராத்திரி ஆடுனது அதுல சின்னப் பங்குதான் இருக்கும். ஆனா மனுஷ உடம்பு எத்தனை சென்டிமீட்டர்னு அளக்கறதில்லை, எவ்வளவு வெடுக்குன்னு நகருதுங்கறதைத்தான் உணரும்.  அம்மாவுக்குத் தெரிஞ்சது அதான்.

இன்னொரு விஷயம். காத்தோட வேகம் ஒண்ணரை மடங்கு ஆனா அழுத்தமும் ஒண்ணரை மடங்கு ஆகாது, ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். ஐ.எஸ். 875 மூணாம் பகுதியில பெங்களூருக்கு அடிப்படைக் காத்து வேகம் வினாடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தமாக் கணக்குப் போட்டா அங்க சதுர மீட்டருக்குச் சுமார் 67 கிலோ, இங்க 153 கிலோ. இது போக உயரத்துக்கு ஏத்த மாதிரி இன்னும் கூடும்.

காத்து முன்னாடி இருந்து தள்ளுறது மட்டும்னா பரவாயில்லை. கட்டடத்தோட ரெண்டு பக்க மூலையிலயும் காத்து மாத்தி மாத்திப் பிரிஞ்சு சுழலும். அதனால கட்டடம் பக்கவாட்டுல இப்படியும் அப்படியுமா இழுபடும். இந்தத் தாளமும் கட்டடத்தோட சொந்தத் தாளமும் ஒண்ணா சேர்ந்துச்சுன்னா, ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளிவிடற கதைதான். துபாய் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அது மேல போகப்போக உருவம் மாறிக்கிட்டே இருக்கறது அழகுக்கு மட்டுமில்லை. எந்த உயரத்துலயும் சுழல் ஒரே தாளத்துல சேரக் கூடாதுன்னுதான். தைவான்ல தைபே 101-க்குள்ள 660 டன் இரும்புக் குண்டு ஒண்ணு தொங்குது. கட்டடம் ஒரு பக்கம் போனா குண்டு பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். 2015 ஆகஸ்ட் புயல்ல அது ஒரு மீட்டர் வரைக்கும் ஆடுச்சு. நம்ம ஊர்லயும் தரமணி எஸ்.இ.ஆர்.சி.யில காத்துச் சுரங்கம் வெச்சுச் சின்ன மாதிரிகளைச் சோதனை பண்றாங்க.

படிச்சதுல என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணுனது நியூயார்க் சிட்டிகார்ப் கட்டடத்தோட கதை. 59 மாடி, 1977-ல கட்டி முடிச்சாங்க. தூண்கள் மூலையில இல்லாம பக்கங்களோட நடுவுல இருக்கும். அதை வடிவமைச்ச இன்ஜினியர் லெமெஷூரியருக்கு 1978-ல ஒரு பயம் வந்துச்சு. மூலை வாக்குல வர்ற காத்துக்கு இது தாங்குமா? வெல்டிங் பண்ண வேண்டிய இணைப்புகளை போல்ட் போட்டு முடிச்சிருந்தாங்க. மனுஷன் மறைக்காம உரிமையாளர்கிட்டயும் நகர அதிகாரிங்ககிட்டயும் சொல்லிட்டார். ராத்திரி ராத்திரியா வெல்டிங் பண்ணிச் சரி செஞ்சாங்க. ஆனா அங்க தினமும் வேலைக்கு வந்து போனவங்களுக்கு விஷயமே தெரியாது. முழுக்கதை வெளிய வந்தது 1995-ல.

"பயந்துடுவாங்க, சொல்ல வேணாம்." நானும் அதேதான பண்ணுனேன்? என் விஷயத்துல ஆபத்துகூட இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலே பயம் போயிருக்கும்.

போன வாரம் மேல கோயில்கிட்ட உக்காந்திருந்தோம். காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. "கீழ இலைகூட அசையலை, இங்க பாரு"ன்னாங்க அம்மா. அதான் சாக்குன்னு ஆரம்பிச்சேன். சரிவுல ஏறுற காத்து நெருங்கி, உச்சிக்கிட்ட வேகம் எடுக்கும், மலை மேல கட்டுனா அதுக்குன்னே தனியா 36 சதவீதம் வரைக்கும் வேகத்தைக் கூட்டிக் கணக்குப் போடணும்னு சொன்னேன். அப்படியே நூல் பிடிச்சு 22-வது மாடிக்கு வந்தேன்.

"அன்னிக்கி வீடு ஆடுனது நெசம்தாம்மா."

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "தென்னை ஆடலையா? ஆடுறதுக்கு நான் பயப்படலடா. நீ ஆடலைன்னு சொன்னதுதான் பயமாப் போச்சு. எனக்குத்தான் மண்டையில ஏதோ கோளாறோ, அப்பா மாதிரி எனக்கும் தொடங்கிடுச்சோன்னு நெனச்சுக்கிட்டேன்"ன்னாங்க.

அப்பாவுக்கு முதல்ல வந்தது தலைசுத்தல்தான். எனக்கு அது அந்த நிமிஷம் வரைக்கும் தோணவே இல்லைங்க.

இறங்கும்போது குண்டுக் கதையையும் சொன்னேன். "நம்ம கட்டடத்துல அந்தக் குண்டு இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, 22 மாடிக்கு அது தேவையில்லைன்னேன். "இது நெசம்தான?"ன்னு ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க... நெசம்தாம்மான்னு ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு.

வர்றேன்னு இன்னும் சொல்லலை. மாட்டைப் பக்கத்து வீட்டுல விட்டா பாத்துப்பாங்களான்னு விசாரிச்சிருக்காங்களாம், சித்தி போன்ல சொன்னாங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பெரியவங்க "ஆடுது"ன்னு சொன்னா, முதல்ல பக்கெட் தண்ணியைப் போய்ப் பாருங்க.