உம்மாவின் குரல்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் மூன்று ஒலிநாடாக்கள் உள்ளன. 1980களின் இறுதியில் வாப்பா ரியாத்திலிருந்து, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பியவை. கடிதமென்றால் உம்மாவுக்குப் பிறர் படித்துக்காட்ட வேண்டும்; ஆகவே பேசியே அனுப்பினார்கள். ஒரு பக்கம் உம்மாவுக்கு, மறுபக்கம் பிள்ளைகளுக்கு. உம்மாவுக்குரிய பக்கத்தை நாங்கள் கேட்டதில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் மலிந்தது. ஒரு ஜி.பி.யை மாதம் முழுவதும் எண்ணியெண்ணிச் செலவிட்ட நாம், அதனை ஒரே நாளில் தீர்க்கத் தலைப்பட்டோம். மறு ஆண்டு உம்மா கைக்கும் திறன்பேசி வந்தது. விரலளவு விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளைத் தேடுவது அவர்களுக்கு இயலவில்லை. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசுவது ஒரே நாளில் கைவந்தது. வாட்ஸ்அப் இவ்வசதியை 2013இலேயே தந்திருந்தது. எழுதத் தெரிந்த நமக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை. துபாயிலிருந்த தம்பியோடு வாட்ஸ்அப்பில் நேரடியாகப் பேச அந்நாட்டில் தடையிருந்தது. குரல் பதிவுகளுக்குத் தடையில்லை. வாப்பாவின் ஒலிநாடா, உம்மாவின் உள்ளங்கையில் மறுபிறவி எடுத்ததென்றே சொல்லலாம். வீட்டின் நடப்புகள் யாவும், மீன் விலை உட்பட, அவ்வழியே கடல் கடந்தன. நாள்தோறும் எனக்கும் ஒன்று வரும். பாதிக்கு மேல் கேட்காமலே விட்டிருக்கிறேன்.

2021இல் உம்மா மௌத்தானார்கள். அவர்களது கருவியில் இருந்தவற்றையெல்லாம் அழித்து, தங்கை மகளின் இணையவழி வகுப்புக்குக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு என் கைப்பேசியில் இடம் நிரம்பிற்று. யாரோ பகிர்ந்த குறிப்பொன்றைப் பின்பற்றி, வேண்டாத கோப்புறைகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். அவற்றுள் குரல் பதிவுகளின் கோப்புறையும் ஒன்று. உம்மாவின் உரையாடலைத் திறந்தபோது பதிவுகளின் அடையாளங்கள் வரிசையாக நின்றன, எதுவும் பேசவில்லை. காப்புநகல் எடுக்கும் வசதியை நான் இயக்கியிருக்கவும் இல்லை. எழுத்து ஒலியிலிருந்து பிறப்பதை ஆண்டுதோறும் நன்னூல் வகுப்பில் விளக்குபவன், ஒலியைக் குப்பையென்று கருதிய கதை இது.

மாணவ நண்பர்கள் ஒன்றை அறிய வேண்டும். ஒரு நிமிடக் குரல் பதிவு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். இடத்தை விழுங்குபவை காணொளிகளே. காலை வணக்கம் சொல்லி வரும் பூங்கொத்துப் படங்களுக்கும் அதில் பங்குண்டு. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடம் என்னும் பகுதிக்குச் சென்றால், 5 எம்.பி.க்கு மேற்பட்டவையும், பலமுறை பகிரப்பட்டு வந்தவையும் தனித்தனியே காட்டப்படும். அவற்றை நீக்கினாலே பெரும்பாலும் போதும். போற்றத்தக்க குரலை மட்டும் தேர்ந்து, பகிரும் வசதியால் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். கணினியிலும் ஒரு படி இருக்கட்டும். அரை நிமிட வேலை. நானோ ஒரு தாயின் நான்காண்டுப் பேச்சை அழித்து மீட்ட இடம், ஒரு திருமணக் காணொளிக்குக்கூடக் காணாது.

தம்பியிடம் கேட்டேன். அவன் எதையும் அழித்திருக்கவில்லை. ஆனால் அவை அவனுக்குப் பேசியவை. கேட்க எனக்கு உரிமையுண்டா என்று தயங்கினேன். அவனே ஒன்றைத் தேர்ந்து அனுப்பினான். பின்னணியில் மின்விசிறியின் இரைச்சல். உம்மா சற்று இருமிவிட்டுத் தொடங்குகிறார்கள்: "காக்காவுக்குப் பரீட்சைத் தாள் திருத்துற வேலையாம். நான் பேசி அனுப்புனதை இன்னும் கேக்கல போல. நீ ஒண்ணும் சொல்லிக்காதே வாப்பா, அவன் வேலை முடியட்டும்."