வயோலாவின் முறை

"கமகம் இல்லாத சங்கராபரணத்தை எவ்வளவு நேரம்டா கேக்கறது?" கோவளம் தாண்டுவதற்குள்ளேயே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். கும்பகோணத்தில் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர இசைப்பள்ளி ஒன்றில் மாணவர்கள் நால்வர் வாசிக்கும் கச்சேரிக்கு அவரை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளூர நானும் அவர் கட்சிதான். வயலின் என்றால் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பது. மோவாயில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் வாசிப்பதெல்லாம் ரெக்கார்டிங் தியேட்டர் உத்தியோகம் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சென்னையில் மேற்கத்திய முறையில் வாசித்த பலருக்கும் சோறு போட்டது கோடம்பாக்கம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்து, கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்குப் பிரித்து எழுதினார். 2008-ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே இந்த வாத்தியங்களைக் கற்றுக் கொடுக்கிறது. பரம்பரையில் சங்கீதமே இல்லாத வீடுகளுக்குள்ளும் இப்படித்தான் வயோலா நுழைகிறது.

அப்படியொரு வீட்டுக்காரர்தான் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நகக்கண்ணில் கல்தூசி. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை, குடியிருப்பது செங்கல்பட்டு. திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். "அந்தப் பெரிய வயலின் மாதிரி வெச்சிருக்கே, அது எம் பொண்ணுங்க" என்றார்.

மேடையில் சுருதி சேர்த்து முடிந்தபாடில்லை. கடல்காற்றின் ஈரத்தில் பிரடைகள் இறுகிப்போய்த் திருகத் திருக மக்கர் செய்தன. அந்த நேரத்தில் அவர் தன் தொழிலைப் பற்றிச் சொன்னார். "கல்லைத் தட்டிப் பாத்துதான் சார் எடுப்போம். மணி மாதிரி கணீர்னு வந்தா ஆண் கல்லு, சாமி செய்யலாம். தாளம் போட்ட மாதிரி வந்தா பெண் கல்லு, அம்மன் செய்யலாம். நாதம் எழும்பலைன்னா பீடத்துக்கு. இவ வாத்தியத்தை மொதல்ல கேட்டப்போ, பீடத்தைப் போயி இவ தலையில கட்டிட்டாங்களேன்னு நெனச்சேன்."

முதல் வயலின் பையன் மூக்கால் ஒரு மூச்சை இழுத்தான். பின்வரிசை வரைக்கும் கேட்டது. நான்கு வில்லும் ஒன்றாக விழுந்தன. தாளம் போட ஆளில்லை, மிருதங்கமில்லை, தம்புராவும் இல்லை. அந்த ஒரு மூச்சுதான் நால்வருக்கும் கணக்கு.

வாசித்தது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் உருப்படி. லண்டன் போயிருந்தபோது ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்தைக் கேட்டு, நம் நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, 1797-ல் ஆஸ்திரியப் பேரரசருக்காக ஒரு மெட்டு அமைத்தார். அதையே ஒரு நால்வர் இசையின் நடுவிலும் வைத்தார். இன்று ஜெர்மனியின் தேசிய கீதம் அந்த மெட்டுதான். முதல் வயலின் அதை வாசித்து முடித்ததும் இரண்டாம் வயலின் எடுத்துக்கொண்டது, முதல் வயலின் அதைச் சுற்றிப் பின்னியது, மற்ற இருவரும் சும்மா இருந்தார்கள். அடுத்து செல்லோ. பிறகு வயோலா.

அந்தப் பெண் தொடங்கியதும் சிற்பியின் கை முழங்காலில் அழுந்தியது. இறங்கிய குரல், தொண்டைக்குள் பாடுவது போல. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சங்கதிக்குச் சங்கதி வரி மாறுவதைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. இங்கே வரி அசையவே இல்லை. சுற்றியிருக்கும் சுரங்கள் மாற மாற, அதே வரி ஒரு தரம் பெருமிதமாகவும் ஒரு தரம் துக்கமாகவும் கேட்டது. இவ்வளவு நாள் இதை வெறுமை என்று எண்ணியிருந்தேன்.

கடைசியாக ஒரு சின்ன உருப்படி. ஒரு வரி முடிவதற்குள் சித்தப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம், 'சந்ததம் பாஹிமாம்'. இளமையில் சென்னைக்கு வடக்கே மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இந்த உருப்படியின் மெட்டு லண்டனில் ஹைடனைப் பிடித்துக்கொண்ட அதே ராஜ வாழ்த்து. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அங்கிருந்த ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார், அது நம் கச்சேரிக்குள் வந்தது. சித்தப்பாவின் பிழைப்பே அந்த வழியில் வந்ததுதான்.

அதற்காக அவர் மசிந்துவிடவில்லை. வராந்தாவில் டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "ஒரே வரியை நாலு பேர் வாசிச்சேளே, ஒருத்தருக்காவது ஒரு சங்கதி போடணும்னு தோணலையா?"

"போட்டா மத்த மூணு பேர் சொல்றது கேக்காம போயிடும் தாத்தா."

"அப்போ மனோதர்மம்?"

"என் முறை வரதுக்கு முன்னாடி மூணு பேரும் எப்படி வாசிச்சாங்கன்னு கேட்டுத்தானே நான் வாசிக்கணும்? தினம் அது வேற மாதிரி இருக்கும்."

பதில் சொல்லாமல் வயோலாவைக் கேட்டு வாங்கினார். தரையில் உட்கார்ந்து அதன் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டு, ஸ-ப-ஸ-ப சேர்க்கப் பிரடையில் கை வைத்தார். "ஐயோ தாத்தா, திருகாதீங்க! மறுபடி சேக்க அரை மணி ஆகும்!" சிற்பி பதறிப்போய் மகளை அதட்டினார். சித்தப்பா இருந்த சுருதியிலேயே சங்கராபரணத்தைத் தொட்டார். காந்தாரம் சேரவில்லை. வயலினைவிடப் பெரிய வாத்தியம், விரல் இடைவெளி அதிகம்.

"இன்னும் தள்ளி வைங்க தாத்தா" என்று அவர் விரலைப் பிடித்து நகர்த்தினாள்.

"இதுக்கு அசுரக் கை வேணும்டீ" என்றார் சித்தப்பா. மறுபடி ஷட்ஜத்திலிருந்து ஆரம்பித்தார்.