வெயிட்டான ஆள்

ஜவ்வாது மலையில் காவலூர் என்றொரு ஊர். 725 மீட்டர் உயரம். வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது இங்கேதான். 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி ஒன்று 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? கூடப் படித்த நண்பன் இழுத்துக்கொண்டு போனான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.

ஜனவரி மாத இருட்டு. கால் தடுக்குதே என்று டார்ச் அடித்தேன்.

"சார், மொதல்ல அதை அணைங்க!" என்று ஒரு அதட்டல். வெளிச்சம் பார்க்க வந்தவனுக்கு வெளிச்சம் போட்டதற்குத் திட்டு!

பார்வையாளர்களுக்கான சின்னத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைக் காட்டினார்கள். கரும்பலகையைச் சரியாக அழிக்காத மாதிரி ஒரு சாம்பல் திட்டு. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 1,300 வருஷமாம். காஞ்சியில் கைலாசநாதர் கோயில் எழும்பிய பல்லவர் காலம்! நாம் பார்ப்பது எப்போதோ கடந்து போனதை.

"மோசே கதை மாதிரியே இருக்குடா" என்றான் நண்பன். 'உம் மகிமையைக் காட்டும்' என்று கடவுளிடம் கேட்டாராம் மோசே. முகத்தைப் பார்த்தால் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது. அதனால் அவரைப் பாறை இடுக்கில் நிறுத்தி, கையால் மறைத்து, கடந்து போன பிறகு முதுகை மட்டும் காட்டினாராம். யாத்திராகமம் 33-ஆம் அதிகாரம்.

"மகிமைன்னா? தகதகன்னு லைட்டா?"

"லைட்டா இல்லடா, வெயிட்டு! எபிரேயத்துல 'காவோத்'. வேர்ச்சொல்லுக்குக் கனம், பாரம்னு அர்த்தம்."

அட! நாமும் 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்கிறோம். முக்கியஸ்தரை 'வெயிட்டான ஆள்' என்கிறோம். எபிரேயமும் நம் டீக்கடையும் ஒரே தராசில்தான் நிறுத்திருக்கின்றன.

"அப்புறம் மலையிலேர்ந்து இறங்கினப்போ மோசே முகமே பளபளன்னு இருந்துச்சாம். ஆனா அது அவருக்கே தெரியாது" என்றான்.

எனக்குச் சட்டென்று அப்பா ஞாபகம்.

அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. சைக்கிள், மஞ்சப்பை, சாயம்போன சட்டை. சிநேகிதர்கள் எதிரே வந்தால், அவரைத் தெரியாதவன் மாதிரி நான் நடந்ததுண்டு. என் கணக்கில் அவர் வெயிட் இல்லாத ஆள்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் அவர் கையில் மோதிரத்தைக் காணோம். கேட்டேன்.

"விரல் வீங்கிடுச்சுடா, கழட்டி வெச்சிருக்கேன்."

அதற்கப்புறம் கடைசிவரை அந்த விரல் வீக்கம் வடியவே இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. மோதிரம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு தடம் மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

போன வருஷம் அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அடகு ரசீது கிடைத்தது. தேதி, நான் ஃபீஸ் கட்டியதற்கு முந்தின நாள். முதுகைத்தான் பார்க்க முடிந்தது எனக்கும்.

மலையிறங்கும்போது நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

ரசீதில் 'எடை 4 கிராம்' என்று எழுதியிருந்தது. அடகுக் கடைக்காரர் தப்பாக நிறுத்திருக்கிறார்.