எண்டர் தட்டினால் உடையாது

கம்ப்யூட்டரில் எண்டர் தட்டினால் வரி உடையும். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின எவருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத ஒரே ஜீவன் லில்லிபாண்ட்.

1996-ல் ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவன்ஹைசன் என்ற இரு டச்சு நண்பர்கள் ஆரம்பித்த இலவச சாஃப்ட்வேர் இது. மேற்கத்திய ஸ்வரங்களை ஸி, டி, ஈ என்று எழுத்தாக அடித்தால் போதும். ஐந்து கோடு போட்டு, அச்சுப் புத்தகம் மாதிரி பக்கம் தந்துவிடும்.

எதிர் ஃப்ளாட் பெரியவர் சர்ச்சில் நாற்பது வருஷமாக ஆர்கன் வாசிப்பவர். கண்ணில் புரை.

"தம்பி, ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவோட நினைவு ஆராதனை. நான்தான் வாசிக்கணும். பேரன் அடிச்சுக் கொடுத்தான், எழுத்து பொடிசா இருக்கு. பெரிசாக்கித் தர முடியுமா?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கோடு, டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் நடுவில் போடுவது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

வழக்கமான அளவு 20. அதை 26 ஆக்கியதும் ஸ்வரங்கள் மொச்சைக்கொட்டையாகப் பெருத்தன. ஆனால் பாட்டு ஒரே வரியாக மார்ஜினைத் தாண்டி, காகிதத்தை விட்டே ஓடிவிட்டது! பேரன் எண்டர் தட்டித்தான் வைத்திருந்தான். லில்லிபாண்டுக்கு எண்டரும் வெற்றிடமும் ஒன்றே. 'பிரேக்' என்ற கட்டளையும் ஃபைலில் இருந்தது. அதற்கும் அசையவில்லை.

காரணம் இதுதான். தாளம் ஒரு சுற்று முடியும் இடத்தில் விழுகிற செங்குத்துக் கோட்டில்தான் என்னிடம் இருந்த பழைய லில்லிபாண்ட் வரியை உடைக்கும். பெரியவருடையதோ தாளக்கட்டு இல்லாமல் ஓதுகிற மெட்டு. கோடே கிடையாது. பிரேக் எடு என்று சொன்னால் போதுமா சார்? எடுக்க இடம் வேண்டாமா? நம் ஆபீஸ் மாதிரிதான்.

வைத்தியம் சுலபம். 'பார்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு மேற்கோள் குறி, நடுவில் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று விழும். அங்கே வரி உடையலாம்.

"எங்கெங்கே போடட்டும்?" என்று கேட்டேன். பெரியவர் கண்ணை மூடிப் பாடிக்காட்டி, மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் விரலைத் தூக்கினார். ஏழு தடவை. ஏழு கோடு போட்டேன். பாட்டு சமர்த்தாகக் காகிதத்துக்குள் அடங்கியது.

ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழு இடத்தில் சரியாக நிறுத்தினார். முடியப் போகிற நேரத்தில், எட்டாவதாக ஓரிடத்தில் ரொம்ப நேரம் நிறுத்தினார்.

அங்கே நான் கோடு எதுவும் போடவில்லை.