பச்சைப் பொய்

ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. பொட்டி தட்டுறவன் நுரையீரலைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு ஓடிடாதீங்க மக்களே. அட்வைஸ் எல்லாம் கிடையாது. அக்காவும் நானும் சேர்ந்து வாங்கின ஒரு பெரிய பல்பு, அவ்வளவுதான் மேட்டர்.

அக்கா பிஎச்டி பண்றா. எலியோட நுரையீரல் காற்றுப்பைகளுக்குள்ள இருக்கிற மேக்ரோஃபேஜ் செல்கள்தான் அவ உலகம். தமிழ்ல பெருவிழுங்கிகள். பேருக்கேத்த மாதிரி மூச்சோட உள்ள வர்ற தூசி, கிருமி எல்லாத்தையும் முழுங்குற ஜீவன்கள். அக்காவோட கேள்வி சிம்பிள். சிகரெட் புகையை சுவாசிச்ச எலியில, இந்த செல்கள் மேல ஒரு குறிப்பிட்ட ஏற்பி அதிகமாகுதா இல்லையா? (எந்த ஏற்பின்னு சொன்னா எனக்கு வீட்ல சோறு கிடைக்காது.)

இதைக் கண்டுபிடிக்க, நுரையீரலை நொதி போட்டு தனித்தனி செல்லாப் பிரிக்கிறாங்க. அதுல ஆன்டிபாடிகளைக் கலக்கிறாங்க. ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும், ஒவ்வொண்ணு வால்லயும் ஒரு நிறச்சாயம் கட்டியிருக்கும். அப்புறம் ஃப்ளோ சைட்டோமீட்டர்ங்கிற மிஷின், செல்களை ரேஷன் கடை க்யூ மாதிரி ஒத்தை வரிசையில ஓடவிட்டு, லேசர் அடிச்சு, எது எந்த நிறத்துல எவ்வளவு மின்னுதுன்னு குறிச்சுக்கும். சிக்லெக்-எஃப், சிடி11சி ரெண்டும் பளிச்சுன்னு இருந்தா அது காற்றுப்பை மேக்ரோஃபேஜ். சிக்லெக்-எஃப் இருந்து சிடி11சி மங்கலா இருந்தா ஈசினோஃபில். அக்காவோட ஏற்பிக்குப் பச்சைச் சாயம்.

ஒரு நாள் வேலைக்கு லட்சக்கணக்கான செல் கணக்கு வரும். அதை அலச பைத்தான்ல ஸ்க்ரிப்ட் எழுதிக் கொடுத்தது அடியேன். பச்சை எவ்வளவுக்கு மேல போனா 'ஏற்பி இருக்கு'ன்னு சொல்றது? அந்தக் கோட்டை எங்க கிழிக்கிறது? சாயமே போடாத ஒரு டியூப்பை எடுத்து, அதுக்கு மேல கோடு போட்டேன். அது புகை படாத, ஆரோக்கியமான எலியோட டியூப்.

புகை எலிகள்ல பாதி செல் கோட்டுக்கு மேல! படம் அவ்வளவு அழகா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அக்கா செலவுல பிரியாணி.

திங்கட்கிழமை லேப் மீட்டிங். எல்லாரும் தலையாட்டினப்போ, மூலையில உட்கார்ந்திருந்த ஒரு சீனியர் மட்டும் கேட்டாராம்: "புகை எலியோட எஃப்எம்ஓ எங்கம்மா?" அக்காகிட்ட பதில் இல்லை.

எஃப்எம்ஓன்னா, எல்லாச் சாயமும் போட்டு, நாம தேடுற அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டு ஓட்டுற டியூப். பச்சையே போடாம எவ்வளவு பச்சை தெரியுதுன்னு அது காட்டிடும். போடாத பச்சை எப்படித் தெரியும்? மத்த சாயங்கள் அந்தப் பக்கம் கசியலாம். அதைவிட மோசம், காற்றுப்பை மேக்ரோஃபேஜ் தானாவே மின்னும். செல்லுக்குள்ள இருக்கிற ஃபிளேவின், லிப்போஃபசின் மாதிரி சமாச்சாரங்கள் நீல லேசர் பட்டா பச்சையா ஒளிரும். சிகரெட் புகையை முழுங்கின செல்லுன்னா அந்தக் கசடும் சேர்ந்து இன்னும் ஜோரா ஒளிரும். அப்படின்னா நாங்க கோட்டுக்கு மேல பார்த்தது ஏற்பியா, புகைக் கசடா?

நம்ம பாஷையில சொன்னா, "என் மிஷின்ல ஓடுதே சார்" கேஸ். டெஸ்ட் பண்ணது ஒரு இடம், ஓட்டினது வேற இடம். கண்ட்ரோல் எடுக்காம இல்லை, எடுத்தோம், ஆனா தப்பான எலியில.

இனிதான் என் பங்கு. அன்னிக்கு ராத்திரி பழைய ஃபோல்டரைக் குடைஞ்சேன். புகை எலியோட சாயம் போடாத டியூப் ஒண்ணை அக்கா ஓட்டியே இருந்தா! அவசரத்துல ஃபைல் பேரை மாத்தி வெச்சிருக்கா, பேர் ஒத்து வரலைன்னு என் ஸ்க்ரிப்ட் சத்தமே போடாம தாண்டிப் போயிருக்கு. அந்த வரியை எழுதினது நான்தான், 'எரர் வந்தா கண்டுக்காதே'ன்னு. திறந்து பார்த்தா, சாயமே இல்லாம கிட்டத்தட்ட அதே அளவு செல் கோட்டுக்கு மேல நிக்குது.

அக்காவை எழுப்பிக் காட்டினேன். திட்டுவான்னு பார்த்தேன். ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு, "ஆறு மாசம்டா"ன்னா. அப்புறம் போய்ப் படுத்துட்டா. தூங்கலைன்னு எனக்குத் தெரியும். திட்டியிருந்தா தேவலை.

அடுத்த பேட்ச்ல ஏற்பிக்குப் பச்சையை விட்டுட்டு, இந்த செல்கள் அவ்வளவா மின்னாத அடர்சிவப்புப் பக்கத்துச் சாயம் போட்டா. ரெண்டு வகை எலிக்கும் தனித்தனி எஃப்எம்ஓ. செத்த செல்கள் கண்ட ஆன்டிபாடியையும் ஒட்டிக்கும்னு அதைக் கழிக்க ஒரு சாயம். மேக்ரோஃபேஜுக்கு ஆன்டிபாடியோட வாலையே பிடிச்சுக்கிற கெட்ட பழக்கமும் உண்டு, அதனால முதல்லயே அந்தப் பிடிகளை அடைச்சு வைக்க எஃப்சி பிளாக். இதை மட்டும் அவ ஆரம்பத்துலேர்ந்தே ஒழுங்கா போட்டுட்டுதான் இருந்தா, பாவம்.

ஐசோடைப்னு ஒண்ணு இருக்கே, எதையும் தேடாத டம்மி ஆன்டிபாடி, அதை வெச்சுக் கோடு போட்டா என்னன்னு கேட்டேன். "அது சும்மா ஒட்டுறது எவ்வளவுன்னு தோராயமா சொல்லும், கோடு கிழிக்க லாயக்கில்லைடா"ன்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தா. சரி, பழைய அக்கா திரும்பி வந்துட்டான்னு புரிஞ்சுது :-)

ரிசல்ட்? புகை எலியில ஏற்பி கொஞ்சம் கூடத்தான் செய்யுது. ரொம்பக் கொஞ்சம். பிரியாணி அளவுக்கு இல்லை, டீ பன் அளவுக்கு.

ஸ்க்ரிப்டையும் மாத்திட்டேன். ஒவ்வொரு குரூப்புக்கும் எஃப்எம்ஓ ஃபைல் இல்லேன்னா ஒரு படம்கூட வரையாது, சிவப்புல கத்தும். நேத்து ராத்திரி பதினொண்ணரைக்கு லேப்லேர்ந்து போன்.

"டேய், என்னடா உன் ஸ்க்ரிப்ட் ஓட மாட்டேங்குது?"

"ஃபைல் பேரை ஒழுங்கா வெச்சியாக்கா?"

பதிலே இல்லை. கீபோர்ட் தட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.